மலைப்பள்ளியிலிருந்து குடும்ப விடுதி வரை: குழந்தை மனநலத்தில் பெற்றோரின் இடம்

பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் 1845 முதல் அமெரிக்க, ஐரோப்பியக் குடும்பங்களின் கோடை வாழிடமாகவும், 1901 முதல் உறைவிடப் பள்ளிகளின் ஊராகவும் வளர்ந்தது. பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகள் இந்த ஊரின் வரலாற்றில் தொடக்கம் முதலே இருக்கிறார்கள். பிரிவு குழந்தையின் உணர்வையும் நடத்தையையும் எப்படிப் பாதிக்கிறது என்பதை உளவியல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் முறையாக ஆராயத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் வேலூரில், மனநலம் குன்றியவரோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை உருவானது. கடுமையான நடத்தைச் சிக்கலும் உணர்வுச் சிக்கலும் உள்ள குழந்தையின் அருகில் யார் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழகத்தில் வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளின் வரலாறு இது.

பழனியும் கோபித்துச் சென்ற பிள்ளையும்

பழனித் தலத்தின் கதையே பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையின் கதை. நாரதர் கொண்டுவந்த கனிக்காக உலகைச் சுற்றிவரப் போட்டி நடக்கிறது. முருகன் மயிலேறிச் செல்கிறார். விநாயகர் தாய் தந்தையரை வலம்வந்து கனியைப் பெற்றுவிடுகிறார். ஏமாந்த முருகன் அனைத்தையும் துறந்து ஆண்டிக் கோலத்தில் மலைமேல் நிற்கிறார். சிவனும் பார்வதியும் அங்கே தேடி வந்து, 'பழம் நீ' என்று சொல்லி ஆற்றுப்படுத்தியதால் ஊருக்குப் பழனி என்று பெயர் வந்தது என்பது மக்கள் வழக்கு. கோபித்துக்கொண்ட பிள்ளையைத் தேடிப் பெற்றோரே மலைக்கு வருகிறார்கள் என்பது இக்கதையின் முக்கியமான இடம்.

ஓயாமல் நோய்வாய்ப்படும், அடங்காத பிள்ளைகளைப் பற்றித் தமிழ்ச் சமூகத்தில் இருவகை வழக்கங்கள் உள்ளன. முதல் வகை வேண்டுதல், முடியிறக்குதல், காவடி, மந்திரித்தல், தாயத்து போன்றவை. பிள்ளையை முருகனுக்குத் தத்துக் கொடுத்துக் காணிக்கை செலுத்தித் திரும்பப் பெறுவதும், தவிட்டுக்கு விற்றதுபோல் விற்று வாங்குவதும், பிச்சை, குப்பன் என்று பெயரிடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. பிள்ளை கடவுளுடையது, பெற்றவர்கள் வளர்ப்பவர்கள் மட்டுமே என்ற எண்ணத்தால் பெற்றோர் மேல் விழும் பழி சற்று இறங்கும். இச்சடங்குகளில் குழந்தை பெரும்பாலும் தாயின் மடியிலேயே இருக்கும்.

இரண்டாம் வகை தண்டனை. 'அடியாத மாடு படியாது', 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழிகள் இதன் அடிப்படை. பிள்ளையின் நடத்தை முழுவதும் பெற்றோரின் கண்டிப்பைப் பொறுத்தது என்று இவை எடுத்துக்கொள்கின்றன. ஒரு பிள்ளை அடங்கவில்லை என்றால் அதன் தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்ற முடிவுக்கு ஊர் வருவது இந்த வழியில்தான். அடங்காத பிள்ளையை விடுதியில் சேர்த்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்ததே.

கொடைக்கானலின் தொடக்கம்

பழனி மலையின் மேற்பகுதிகளை 1821-இல் ஆங்கிலேய அதிகாரி வார்டு நில அளவை செய்தார். அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மிஷனரிகளும் அவர்களுடைய குழந்தைகளும் பலியாயினர். குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலையில் குடியேற முயன்றனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகவே பழனி மலைக்கு ஏறி, 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். சன்னிசைடு, ஷெல்டன் என்பவை அவற்றின் பெயர்கள்.

மதுரை ஆட்சியராக இருந்த வெரெ ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உருவாக்கினார். 1875-இல் ரயில் பாதை அம்மையநாயக்கனூரை எட்டியது. இன்று கொடைக்கானல் ரோடு என்று அழைக்கப்படும் நிலையம் அது. அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரம் வந்து, பெரியகுளம் பக்கத்துப் பாதையில் நாற்காலியிலும் டோலியிலும் குதிரையிலும் ஏறினர். துரைமார்களையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் மலையேற்றியவை உள்ளூர்ச் சுமைகூலிகளின் தோள்கள். வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை 1910-களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

கொடைக்கானல் உருவானதற்கு முதன்மைக் காரணம் உடல்நலம். குழந்தையின் உடலைக் காப்பாற்றக் குளிர்ந்த காற்று போதும் என்று அன்று கருதினர். அதே குழந்தையின் மனத்தைப் பற்றிய கேள்வி அப்போது எழவில்லை.

கடல் கடந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள்

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய வெள்ளைக் குடும்பங்களில் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தாய்நாட்டுக்கு அனுப்புவது வழக்கம். வெப்பம், நோய், கல்வி ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. உள்ளூர்ப் பழக்கங்களும் மொழியும் படிந்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. கப்பலேறிய குழந்தை பெற்றோரோடு ஆயாவையும் இழந்தது. ஆயாவிடம் கற்ற தமிழையோ இந்துஸ்தானியையோ பேச ஆளில்லாமல் போனது. கடிதம் வந்து சேர வாரங்களாயின. அடுத்த சந்திப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இவ்வழக்கத்தின் பாதிப்பைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் எழுத்தாளர் ரட்யார்டு கிப்ளிங். 1865-இல் பம்பாயில் பிறந்த அவர், 1871-இல் தங்கையுடன் இங்கிலாந்தில் முன்பின் அறியாத ஒரு வீட்டில் விடப்பட்டார். 1877 வரை அங்கே வாழ்ந்தார். 1888-இல் அவர் எழுதிய 'பா பா, பிளாக் ஷீப்' என்ற சிறுகதை அந்த அனுபவத்தைக் கொண்டது. பிரிவின் துயரத்தில் பொய் சொல்லவும் முரண்டு பிடிக்கவும் தொடங்கும் சிறுவனை, அவன் வளரும் வீடு கெட்ட பிள்ளை என்று முத்திரை குத்துவதே அக்கதையின் மையம். துயரம் நடத்தைக் கோளாறாக வெளிப்படும் என்ற உண்மையை, அதற்கு மருத்துவப் பெயர்கள் அமைவதற்கு முன்பே இக்கதை சொல்லியது.

தமிழகத்தில் இதற்கு அறியப்பட்ட உதாரணம் ஐடா ஸ்கடர். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் தாதுவருஷப் பஞ்சத்தைக் கண்டவர். பின்னர் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். முதலில் தந்தையும் சில ஆண்டுகள் கழித்துத் தாயும் இந்தியாவுக்குத் திரும்ப, பதின்வயதில் உறவினர் பொறுப்பில் விடப்பட்டார். பள்ளியில் குறும்புக்குப் பேர்போன மாணவியாக அவர் இருந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பெற்றோரைப்போல் மிஷன் பணிக்கு வருவதில்லை என்பதே இளமையில் அவருடைய முடிவு. தாயின் நோய் காரணமாக 1890-இல் திண்டிவனம் வந்தபோது அந்த முடிவு மாறியது. 1900-இல் மருத்துவராக வேலூர் வந்து அவர் தொடங்கிய பணி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

வேலூரோடு தொடர்புடைய இன்னொருவர் தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து மலைவாழ் பிள்ளைகளோடு மரமேறி வளர்ந்தவர். 1923-இல் 9 வயதில் தங்கையோடு இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் கொல்லிமலையில் காய்ச்சலால் இறந்தார். இறப்புச் செய்தி வந்த பிறகு, தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் மகனுக்கு வந்து சேர்ந்தது. பிரிந்த நாளுக்குப் பின் மகன் தந்தையைப் பார்க்கவேயில்லை.

இவர்களின் பெற்றோர் பிள்ளைகள்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். நல்ல பெற்றோர் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர்களுடைய சமூகம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

ஹைகிளர்க் பள்ளி

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவதைச் சில ஆண்டுகளாவது தள்ளிப்போடும் நோக்கில், 1901-இல் மிஷனரி பிள்ளைகளுக்கான பள்ளி கொடைக்கானலில் தொடங்கப்பட்டது. ஹைகிளர்க் என்ற விடுதிக் கட்டடத்தில் நடந்ததால் அதுவே பள்ளியின் பெயரானது. முதலில் 13 பிள்ளைகள் சேர்ந்தனர். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஷெர்வுட் எடியின் தாய் மார்கரெட் எடி முதல் பொறுப்பாளராக இருந்தார். 1970-களில் இப்பள்ளி கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆனது.

பள்ளியின் கால அட்டவணை பெற்றோரை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. சமவெளியில் வெயில் கொளுத்தும் மாதங்களில் தாய்மார்கள் மலைக்கு வந்து வீடெடுத்துத் தங்குவார்கள். அந்நாட்களில் பிள்ளைகள் விடுதியை விட்டுத் தாயுடன் வசித்துப் பள்ளிக்குச் சென்றனர். நீண்ட விடுமுறை கோடையில் விடப்படவில்லை. சமவெளி குளிர்ந்திருக்கும் ஆண்டிறுதியில் விடப்பட்டது. அப்போது பிள்ளைகள் மதுரைக்கும் ஆற்காட்டுக்கும் மலையிறங்கி வீடு சென்றனர். கடல் தாண்டிய பல்லாண்டுப் பிரிவு, மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான சில மாதப் பிரிவாகக் குறைந்தது. பிரிவைக் கல்வி முறையே அளந்து குறைக்க முயன்றதற்கு இது ஆரம்ப காலச் சான்று.

1916-இல் பிரசன்டேஷன் கான்வென்ட் தொடங்கியது. பின்னர் வேறு உறைவிடப் பள்ளிகளும் வந்தன. விடுதலைக்குப் பின் விடுதிகளில் இந்தியப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. வெளிநாட்டில் பணிபுரியும் பெற்றோர், வணிகக் குடும்பங்கள், ஆங்கிலக் கல்வியை நாடியவர்கள் எனக் காரணங்கள் பலவாயின. வீட்டில் கட்டுப்படுத்த முடியாத பிள்ளையைக் கட்டுப்பாடான பள்ளியில் சேர்க்கும் எண்ணமும் இவற்றில் ஒன்று.

பிரிவைப் பற்றிய ஆய்வுகள்

பிரிவுக்கும் நடத்தைச் சிக்கலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களில் முன்னோடி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. திருட்டில் ஈடுபட்ட 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி 1944-இல் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் யாரிடமும் ஒட்டாத பிள்ளைகள் பலர், மிக இளம் வயதில் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்ததை அதில் காட்டினார். 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை, தொடர்ச்சியான நெருங்கிய உறவு குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படைத் தேவை என்றது.

அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே சேர்க்கப்பட்ட 2 வயதுக் குழந்தையைப் படம்பிடித்து 1952-இல் வெளியிட்டார். பிரிக்கப்பட்ட குழந்தை மூன்று கட்டங்களைக் கடப்பதாக இருவரும் விவரித்தனர். முதலில் அழுது எதிர்க்கிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. கடைசியில் விலகிப்போகிறது. மூன்றாம் கட்டத்தில் குழந்தை அமைதியாகி, சாப்பிட்டு, மற்றவர்களிடம் சிரிக்கத் தொடங்கும். பழகிவிட்டது என்று பெரியவர்கள் மகிழ்வார்கள். தாய் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சத்தம் போடும் பிள்ளையை மட்டுமே சிக்கலான பிள்ளை என்று கருதும் வழக்கத்தை இந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது.

இக்கருத்துகள் பின்னர் திருத்தப்பட்டன. மைக்கேல் ரட்டர் 1972-இல் வெளியிட்ட நூலில் எல்லாப் பிரிவும் ஒன்றல்ல என்று காட்டினார். ஏன் பிரிந்தது, பிரிந்த இடத்தில் அன்பான ஒருவர் இருந்தாரா, அதற்கு முன் வீட்டில் உறவு எப்படி இருந்தது ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறும். தாய் மட்டுமே அந்த உறவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தந்தை, பாட்டி, பிற வளர்ப்பவர்கள் என யாரும் அந்த இடத்தில் இருக்கலாம்.

1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்த ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம் ஆகியோரின் பணியிலிருந்து 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்ற கருத்து உருவானது. பெற்றோரின் நாட்டுக்கும் வளர்ந்த நாட்டுக்கும் முழுமையாகச் சொந்தமாகாத பிள்ளைகளை இது குறித்தது. கொடைக்கானல் போன்ற பள்ளிகளில் படித்தவர்கள் பலர் தங்களை இச்சொல்லால் அடையாளம் கண்டனர். ஜாய் ஷேவரியன் 2011-இல் 'உறைவிடப் பள்ளி நோய்க்குறி' என்ற பெயரில், வெளியே தன்னம்பிக்கையும் உள்ளே உணர்வுத் துண்டிப்பும் கொண்ட பெரியவர்களைப் பற்றி எழுதினார். மறுபுறம், உறைவிடப் பள்ளி வாழ்வை மகிழ்ச்சியோடு நினைவுகூர்பவர்களும் ஏராளம். வீட்டில் பாதுகாப்பில்லாத பிள்ளைக்கு விடுதி அடைக்கலமாகவும் அமைவதுண்டு.

பெற்றோர் மேல் சுமத்தப்பட்ட பழி

பிரிவின் தீமையைக் கண்டுணர்ந்த அதே நூற்றாண்டு, பெற்றோரையே நோய்க்குக் காரணமாக்கும் கோட்பாடுகளையும் உருவாக்கியது. 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானர், அக்குழந்தைகளின் பெற்றோர் உணர்ச்சி குளிர்ந்தவர்கள் என்று குறிப்பிட்டார். 1948-இல் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் மனச்சிதைவு நோய்க்குத் தாயின் போக்கைக் காரணமாக்கினார். சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து விலக்குவதே மருத்துவம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற சொல் பரவியது.

இதை எதிர்த்து முன்வந்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்டு. அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தந்தை. 1964-இல் எழுதிய நூலில், ஆட்டிசம் மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று சான்றுகளோடு வாதிட்டார். அடுத்த ஆண்டு பெற்றோர்களை இணைத்து ஓர் அமைப்பையும் தொடங்கினார். மரபணு ஆய்வுகளும் நரம்பியலும் பின்னர் அவர் பக்கம் நின்றன.

'வளர்ப்பு சரியில்லை' என்ற ஊர்ப்பேச்சும் 'குளிர்ந்த தாய்' என்ற மருத்துவப் பேச்சும் வெவ்வேறு மொழியில் ஒரே தீர்ப்பைச் சொல்லின. ஏற்கனவே உறக்கம் இழந்து, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போக முடியாமல், பள்ளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு அஞ்சி வாழும் தாய்க்கு இத்தீர்ப்பு மேலும் ஒரு சுமையானது. பழிக்கு அஞ்சிய குடும்பம் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது, குழந்தையை வெளியுலகின் பார்வையிலிருந்து மறைத்தது.

வேலூர்: உடன் தங்கும் குடும்பம்

ஆங்கிலேயர் அமைத்த மனநோய் விடுதிகள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து விலக்கிப் பூட்டி வைக்கும் இடங்களாக இருந்தன. சென்னையில் 1794-இல் தொடங்கிய விடுதி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் சேர்க்கையையும் காவலையும் ஒழுங்குபடுத்தியது. குடும்பத்தினர் பார்வையாளர்களாக மட்டுமே இருந்தனர்.

மாற்றம் முதலில் பஞ்சாபில் தொடங்கியது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த வித்யா சாகர், இடநெருக்கடியையும் ஆள் பற்றாக்குறையையும் சமாளிக்க மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்தார். உறவினர்களை நோயாளிகளோடு தங்க வைத்தார். உறவினர் உடனிருந்தவர்கள் விரைவில் தேறியதையும், வீடு திரும்பிய பின் மீண்டும் கைவிடப்படாததையும் அவர் கண்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. இதைத் தொடங்கியவர் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ். நோயாளியோடு குடும்பத்தில் ஒருவராவது தங்க வேண்டும் என்பது இங்கு விதியாயிற்று. குடும்பத்தினர் அங்கேயே சமைத்து, நோயாளியைக் கவனித்து, மருத்துவரோடும் செவிலியரோடும் பேசினர். நோய் என்ன, மருந்து எப்படிக் கொடுப்பது, கோபம் வரும்போது என்ன செய்வது என்பவற்றைக் கற்றுக்கொண்டனர். இந்த முறை 1960-களிலேயே பன்னாட்டு மருத்துவ இதழ்களில் பதிவானது.

தமிழக மருத்துவமனைகளில் 'கூட இருக்கிறவங்க' எப்போதும் உண்டு. மேலை மருத்துவமனை ஒழுங்கு அவர்களை நெரிசலாகக் கருதியது. வேலூர் மையம் அவர்களைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. மருத்துவமனையில் உள்ள குழந்தையைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்கவும் தாய் உடன் தங்கவும் அனுமதிக்க வேண்டும் என்று பிரிட்டனில் பிளாட் குழு பரிந்துரைத்தது 1959-இல்தான்.

ஐடா ஸ்கடர் ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் 'ஹில் டாப்' என்ற தன் வீட்டில் வாழ்ந்து, 1960 மே மாதம் அங்கேயே காலமானார். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த அந்தப் பெண் நிறுவிய மருத்துவமனையில், உறவைப் பிரிக்காத மனநல மையம் அவர் வாழ்நாளிலேயே செயல்படத் தொடங்கியிருந்தது.

பெற்றோர் பயிற்சி

குழந்தை மனநலத்தில் அடுத்த கட்டம், உடனிருக்கும் பெற்றோருக்கு என்ன கற்றுத்தருவது என்பதாக இருந்தது. அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் குடும்பங்களை வீட்டிலேயே கவனித்து ஆராய்ந்தார். 1982-இல் வெளியான அவருடைய நூல், குழந்தையும் பெற்றோரும் ஒருவரையொருவர் வற்புறுத்தும் சுழற்சியை விளக்கியது. கடையில் பிள்ளை பொம்மை கேட்டுத் தரையில் புரள்கிறது. தாய் மறுக்கிறாள். அலறல் கூடுகிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். அலறல் நிற்கிறது. அலறினால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் அமைதியாகும் என்று தாயும் கற்கிறார்கள். அடுத்த முறை தாய் அடித்தால், அந்த நேரத்துக்கு அமைதி கிடைக்கிறது. அடித்தால் அடங்கும் என்பது பாடமாகிறது. அதற்கடுத்த முறை இருவரும் இன்னும் உரக்கத் தொடங்குகிறார்கள்.

இந்தச் சுழற்சியை உடைக்கும் பயிற்சிகள் உலகெங்கும் சிறு வேறுபாடுகளோடு ஒரே அடிப்படையைக் கொண்டவை. ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் குழந்தையின் விருப்பப்படி அதனோடு விளையாடுதல், நல்லதைச் செய்யும்போது உடனே பெயர்சொல்லிப் பாராட்டுதல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு தெளிவான சொல்லால் வேலை சொல்லுதல், சிறு முரண்டுகளைக் கவனிக்காமல் விடுதல், முன்பே சொன்ன சிறிய விளைவைக் கோபமின்றி நிறைவேற்றுதல் ஆகியவை அவை. கூட்டுக் குடும்பத்தில் தாத்தா பாட்டியும் அதே விதியைப் பின்பற்ற வேண்டும். தாய் மறுத்ததைப் பாட்டி கொடுத்தால் பயிற்சி பலிக்காது. முரண்டைக் கவனிக்காமல் விடும் முதல் நாட்களில் அது கூடும், பிறகே குறையும் என்பதும் முன்னரே சொல்லித்தரப்படுகிறது. இதை அறியாத பெற்றோர் பலர் மூன்றாம் நாளிலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

வேலூர் மையத்தின் குழந்தை மற்றும் வளரிளம் பருவப் பிரிவான நம்பிக்கை நிலையம், வளர்ச்சிக் குறைபாடும் நடத்தைச் சிக்கலும் உள்ள குழந்தையோடு பெற்றோர் தங்கிப் பயிலும் இடமாக அமைந்தது. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரிடம் அங்கு நடத்தப்பட்ட ஆய்வு 1999-இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியானது. 10 வாரங்கள் குழுவாகக் கலந்துரையாடிக் கற்ற பெற்றோரின் மனப்போக்கு, ஒப்பீட்டுக் குழுவைவிட மேம்பட்டிருந்தது. ஒரே துயரம் கொண்ட இன்னொரு குடும்பத்தைக் காண்பதே பலருக்கும் முதல் ஆறுதல் என்பது இத்தகைய குழுக்களின் பொது அனுபவம்.

பயிற்சி தேவைப்படுவதால் பெற்றோர்தான் சிக்கலை உண்டாக்கினார்கள் என்று ஆகாது. நீரிழிவு உள்ள பிள்ளைக்கு ஊசி போடக் கற்கும் தாய் அந்நோயை உண்டாக்கியவள் அல்லள். பயிற்சி மட்டும் எல்லோருக்கும் போதுமானதும் அல்ல. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும், மற்றவரைத் தாக்கும், உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிப்போகும் பிள்ளைக்கு மனநல மருத்துவரின் மதிப்பீடும், சில வேளைகளில் மருந்தும் தேவை.

சட்டமும் இன்றைய நிலையும்

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். அவர்களில் பலர், கவனிக்க வழியறியாத குடும்பங்களால் அங்கு விடப்பட்டவர்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. அதன் 87-ஆம் பிரிவு 18 வயது நிறையாதவர்களைப் பற்றியது. தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே அவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், பெரியவர்களிடமிருந்து தனியாகத் தங்க வைக்க வேண்டும் என்பதோடு, சேர்க்கைக் காலம் முழுவதும் பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ உடன் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 60 ஆண்டுகளுக்கு முன் வேலூரில் ஒரு மருத்துவமனையின் வழக்கமாக இருந்தது நாட்டின் சட்டமாகியது. பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

சட்டம் சொல்லும் 'உடன் இருப்பவர்' பெரும்பாலும் தாய். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி போன்ற மலையூர்களில் உள்ள குடும்பம் குழந்தை மனநல மருத்துவரைத் தேடித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டியுள்ளது. போய்வர ஒரு நாள் கூலி போகும். வாரங்கள் தங்க வேண்டுமென்றால் வேலையும் மற்ற பிள்ளைகளின் பள்ளியும் தடைப்படும். தோட்ட வேலைக்குப் போகும் தாய்க்கு இது எளிதல்ல. பெற்றோர் இல்லாத காலத்தில் பிள்ளைக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையே உள்ளடக்குகிறது. கடுமையான உணர்வுச் சிக்கலோ நடத்தைச் சிக்கலோ மட்டும் உள்ள பிள்ளை அதன் வரம்புக்குள் வருவதில்லை. 'எங்களுக்குப் பிறகு யார்' என்பது அப்பெற்றோரிடம் விடையின்றி நிற்கிறது.

ஹைகிளர்க் பள்ளியைத் தொடங்கியவர்கள் பிரிவின் தூரத்தைக் குறைத்தார்கள். வேலூர் மையம் குடும்பத்தை நோயாளியின் அறைக்குள் கொண்டுவந்தது. உடன் இருக்கும் அந்த ஒருவருக்குக் கூலி இழப்பில்லாத விடுப்பு, அருகிலேயே கிடைக்கும் மருத்துவம், சிறிது நேரமாவது பொறுப்பை மாற்றிக்கொள்ள இன்னொரு கை ஆகியவை இருந்தால்தான் 87-ஆம் பிரிவு சொல்வது மலையூர்க் குடும்பத்துக்கும் நடைமுறையில் சாத்தியமாகும்.